காகிதம் பறக்கிறது, உப்புமாவு பொம்மை வியர்க்கிறது: கடலோர வீட்டில் குழந்தைகளுக்கு என்ன கைவேலை கொடுப்பது?

உப்புக்காற்று
வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து மதுரையிலிருந்து ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் குடி வந்து ஆறு மாதம் ஆகிறது. மூத்தவனுக்கு நாலரை வயது, சின்னவளுக்கு இரண்டு. மதுரையில் இருந்தபோது வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஏதாவது வெட்டி ஒட்டிக்கொண்டிருப்போம். இங்கே வந்த பிறகு எதுவுமே சரிப்பட்டு வரவில்லை. ஜன்னலைத் திறந்தால் வண்ணத்தாள் எல்லாம் கொல்லைப்புறம் வரை பறக்கிறது, மூடினால் புழுக்கம் தாங்கவில்லை. மைதாவும் உப்பும் பிசைந்து ஒரு யானை செய்தோம். மதுரையில் மூன்று நாளில் கல் மாதிரி ஆகிவிடும். இங்கே பத்து நாள் ஆகியும் தும்பிக்கையில் தண்ணீர் கோர்த்து நிற்கிறது. நேற்று ஒரு காலும் கழன்றுவிட்டது. மூத்தவன் அதற்குக் கட்டுப் போட்டு வைத்திருக்கிறான்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் "நீயே போட்டுக் குடும்மா" என்கிறான். சின்னவளோ எதைக் கொடுத்தாலும் முதலில் வாயில்தான் வைக்கிறாள். இந்தப் பக்கம் பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பழைய பால்வாடி டீச்சர்
தொண்டிப் பக்கம் அங்கன்வாடியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் யானை மேல் தப்பு இல்லை, உப்புதான் காரணம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே ஈரத்தை இழுத்துத் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். நம் கல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரம் கசியும். உப்பு ஜாடிக்குள் அரிசியைப் போட்டு வைக்கிற ஊர் இது. உப்பில் யானை செய்தால் நிற்குமா?

அதற்குப் பதில் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு கப் கார்ன்ஃப்ளார், இரண்டு கப் ஆப்ப சோடா, ஒன்றே கால் கப் தண்ணீர். கட்டி இல்லாமல் கரைத்து, அடுப்பை மெதுவாக வைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள். முதலில் தண்ணீராகத்தான் இருக்கும், திடீரென்று திரண்டுவிடும். மசித்த உருளைக்கிழங்கு பதம் வந்ததும் இறக்கி, ஈரத்துணி போட்டு மூடி ஆற விடுங்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும், மெல்லியதாகத் தட்டிச் செய்தால் ஓரிரு நாளில் காய்ந்துவிடும். கனமாக உருட்டினால் வெடிக்கும். இதில் உப்பு இல்லை என்பதற்காகச் சின்னவள் தின்னலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு சோடா வயிற்றுக்கு ஆகாது.

செலவே இல்லாமல் வேண்டுமானால் கண்மாய் மண். கோடையில் தண்ணீர் வற்றும்போது அடியிலிருந்து எடுத்த களிமண்ணைக் காய வைத்து, இடித்து, சலித்து, ஒரு இரவு ஊற வையுங்கள். தேங்காய் நாரைப் பொடிப்பொடியாக வெட்டிக் கலந்து பிசைந்தால் விரிசல் குறையும். வெயிலில் வைக்காதீர்கள், நிழலில்தான் காய வேண்டும். எங்கள் மையத்தில் பிள்ளைகள் செய்த அடுப்பு, ஆட்டுக்கல், குதிரை எல்லாம் ஜன்னல் திட்டில் வருடக்கணக்கில் இருந்தன. மூக்கும் காதும்தான் அவ்வப்போது உதிரும்.

கிளிஞ்சல்பெட்டி
கடற்கரையில் இருந்துகொண்டு கார்ன்ஃப்ளார் எதற்கு? சாயங்காலம் கரைக்குப் போனால் ஒரு பை நிறையக் கிளிஞ்சல், சங்கு, பவளப்பாறைத் துண்டு எல்லாம் கிடைக்குமே. நான் ராமேஸ்வரம் போனபோது பொறுக்கி வந்ததில் ஒரு போட்டோ பிரேம் செய்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் கடையில் வாங்கியதா என்று கேட்கிறார்கள்.

தென்கடல்
@கிளிஞ்சல்பெட்டி, தங்கச்சி, பவளப்பாறையை மட்டும் தொடாதீர்கள். செத்துக் கரை ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. 2001லிருந்து அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, புலிக்கு என்ன சட்டமோ அதேதான். சங்கு, சோழி வகையிலும் சிலது பட்டியலில் உண்டு. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை இருக்கிற 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் அங்கே இறங்கவே கூடாது. சாதாரண மட்டிச் சிப்பி, உடைந்த கிளிஞ்சல் எவ்வளவோ கிடக்கிறது, பிள்ளை விளையாட அது போதும்.

அப்புறம் இன்னொன்று. கூம்பு மாதிரி, மேலே அழகாகக் கோடும் புள்ளியும் போட்ட சங்கு கிடந்தால் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். உள்ளே உயிர் இருந்தால் கொட்டும், அதன் விஷம் சாதாரணமானது இல்லை. செத்துக் கிடக்கிற சொறிமீனும் (ஜெல்லி மீன்) அரிக்கும்.

சிரிப்பான சங்கதி ஒன்று. என் மகன் சின்ன வயதில் நல்ல சங்கு ஒன்றை எடுத்து வந்து தலைமாட்டில் வைத்துத் தூங்கினான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குள் டக் டக்கென்று சத்தம். எலி என்று நினைத்து அவன் அம்மா துடைப்பத்தோடு எழுந்தாள். லைட்டைப் போட்டால் சங்கு நடந்து போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே நண்டு குடியிருந்திருக்கிறது! காலையில் மூன்று பேருமாகக் கொண்டுபோய்க் கரையில் விட்டுவிட்டு வந்தோம். எடுக்கிற முன்னால் ஐந்து நிமிடம் மணலில் வைத்துப் பாருங்கள், நகர்ந்தால் அது வீடு.

கிளிஞ்சல்பெட்டி
ஐயோ அண்ணே, இது தெரியாது. பிரேமில் நடுவில் வைத்ததே அந்தப் பாறைத் துண்டுதான்.

கீழக்கரை உம்மா
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எல்லோரும் கடலையே பார்க்கிறீர்கள், பின்னால் திரும்பினால் பனை நிற்கிறது. ஓலைக்கு இந்த ஈரக்காற்று நல்லது. காய்ந்த ஓலைதான் ஒடியும். பின்னுவதற்கு முன்னால் ஓலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பது எதற்கு? வளைவதற்குத்தானே.

நாலரை வயதுப் பிள்ளைக்குப் பெட்டி பின்ன வராது. ஆனால் காத்தாடி வரும். என் உம்மம்மா செய்து கொடுத்த மாதிரியே சொல்கிறேன். குருத்தோலையில் ஈர்க்கை உரித்துவிட்டு, இரண்டு விரல் அகலத்தில் இரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து, ஒன்றின் மடிப்புக்குள் மற்றதன் நுனியை நுழைத்து இழுத்தால் கூட்டல் குறி மாதிரி நிற்கும். நடுவில் கருவேல முள். இந்த மாவட்டத்தில் முள்ளுக்கா பஞ்சம்? முள்ளின் கூர்முனையை ஒரு சோளத்தட்டையின் தலையில் குத்தினால் முடிந்தது. மற்ற ஊரில் காத்தாடி சுற்ற வேண்டுமென்றால் ஓட வேண்டும், இங்கே வாசலில் நின்றாலே போதும். முள் குத்துகிற வேலையை நீங்கள் செய்யுங்கள், மடித்து நுழைத்து இழுக்கிறதை அவனிடம் விடுங்கள். ஓலை விளிம்பு விரலைக் கீறும், முதலில் ஒரு ஈரத்துணியால் துடைத்துக் கொடுங்கள். ரம்பம் மாதிரிப் பல் இருக்கிற கருக்குமட்டை பக்கமே விடாதீர்கள்.

கோடையில் நுங்கு தின்ற பிறகு கூந்தலை, அதாவது மிஞ்சுகிற வெறும் காயை, தூக்கிப் போடாமல் ஒரு குச்சியின் இரண்டு பக்கமும் குத்தி, கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி. ஆடி ஆவணியில் பனம்பழம். சப்பிப் போட்ட கொட்டையைக் கழுவிக் காய வைத்தால் நாரெல்லாம் தாடி மாதிரி நிற்கும். கண்ணும் மூக்கும் வரைந்து, பழைய சீப்பைக் கையில் கொடுத்தால் பிள்ளை ஒரு மணி நேரம் தாடி வாரிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டில் ஒரே சமயம் ஏழு தாடிக்காரர்கள் இருந்தார்கள். ஒருவருக்கு என் வாப்பா பெயர்.

உப்புக்காற்று
ராத்தா, தாடிக்காரர் அருமை! ஒரு சந்தேகம். பசை வீட்டிலேயே காய்ச்சலாம் என்று மாமியார் சொல்கிறார். மைதாவோடு துத்தம் கொஞ்சம் போட்டால் கெடாது என்கிறார். போடலாமா?

பழைய பால்வாடி டீச்சர்
வேண்டவே வேண்டாம். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்கப் போடுவது அது. மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட், விஷம். இரண்டு வயதுக் குழந்தை விரலைச் சப்புகிற வீட்டில் அதன் பொட்டலமே இருக்கக் கூடாது. வெறும் மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். ஒட்டியதை எறும்பு மொய்த்தால் மொய்க்கட்டும், மறுநாள் வேறு ஒட்டலாம்.

அதே மாதிரி குன்றிமணி. பிள்ளையாருக்குக் கண் வைக்கிற பழக்கத்தில் பொம்மைக்கும் வைப்பார்கள். மெல்லாமல் முழுசாக விழுங்கினால் சில சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். ஓட்டை போட்டுக் கோர்த்திருந்தாலோ, கடித்துவிட்டாலோ உயிருக்கே ஆபத்து. கண்ணுக்கு மிளகும் வேண்டாம், மணியும் வேண்டாம், கரியால் ஒரு புள்ளி வைத்தால் போதும். பழைய கேமரா ஃபிலிம் டப்பா கிடைத்தால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் போகிற எந்தப் பொருளையும் மூன்று வயதுக்குள் இருக்கிற குழந்தையிடம் கொடுக்கக் கூடாது. கிளிஞ்சலுக்கும் அதே கணக்குதான்.

சின்னவளுக்குச் சமையலறைச் சாயம் கொடுங்கள். மஞ்சள், பீட்ரூட் சாறு, சங்குப்பூவை வெந்நீரில் போட்ட நீலம். நீலத்தில் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் ஊதா, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் பச்சை. மூத்தவனுக்கு அது மந்திரம். வெயில் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும், பீட்ரூட் பழுப்பாகிவிடும். இந்த வயதில் படம் நிலைத்து நிற்க வேண்டும் என்று கேட்பது நாம்தான், பிள்ளைகள் கேட்பதில்லை.

உப்புக்காற்று
நன்றி டீச்சர். துத்தம் பொட்டலம் வெளியே போய்விட்டது. மாமியார் கொஞ்சம் முறைத்தார். ஆனால் "நீயே போட்டுக் குடு" என்று கேட்கிறானே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நேற்று மீன் வரையச் சொன்னேன். பென்சிலை என் கையில் திணித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து "வால் போடு, செதில் போடு" என்று வேலை வாங்குகிறான்.

பழைய பால்வாடி டீச்சர்
கோபித்துக்கொள்ளாமல் ஒன்று சொல்லுங்கள். அவன் முன்பு வரைந்ததை நீங்கள் எப்போதாவது திருத்தினீர்களா?

உப்புக்காற்று
திருத்தினேன். போன மாதம் பள்ளியில் ஒரு படம் கேட்டார்கள். அவன் போட்ட படகு தலைகீழாக இருக்கிற மாதிரி தெரிந்தது. அழித்துவிட்டு நான் போட்டேன். நல்ல பெயரும் வந்தது. அதிலிருந்துதான் என்று இப்போது தோன்றுகிறது.

பழைய பால்வாடி டீச்சர்
நானும் செய்தவள்தான். ஒரு பெண் குழந்தை காகிதம் முழுக்கக் கறுப்பாகத் தீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் ஓரத்தில் ஒரு சூரியனைப் போட்டுக் கொடுத்தேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ராத்திரியில ஏது டீச்சர் சூரியன், அப்பா கடலுக்குப் போயிருக்கு" என்றது. அதற்குப் பிறகு நான் பிள்ளைகளின் காகிதத்தில் கை வைத்ததில்லை. உங்கள் பையனிடம் போய் அந்தப் படகைப் பற்றிக் கேளுங்கள். தலைகீழாக இருந்ததற்கு ஏதாவது காரணம் சொல்வான்.

உப்புக்காற்று
கேட்டேன். "அது கரையில கவுத்து வச்ச வள்ளம்மா, தார் பூசுறாங்க" என்கிறான். எங்கள் தெருமுனையில் அப்படித்தான் ஒன்று கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறேன்.

நாட்டுப்படகு
ஹாஹா. பையன் சரியாகத்தான் போட்டிருக்கிறான்.

வலையூசி
டீச்சர் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், பாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். எதைச் செய்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளைக்கும் தெரியும், நாம் பார்க்காமலேயே சொல்கிறோம் என்று.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரன் நான், அந்த இரண்டு மாதமும் வீட்டில்தான். வாசலில் வலையை விரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் அம்மா கலர் பென்சில், ஒட்டுகிற புத்தகம் எல்லாம் வாங்கிக் கொடுத்திருந்தாள். பிள்ளை அதை ஏறெடுத்தும் பார்க்காமல் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. சரி என்று வலை ஊசியில் நூல் ஏற்றுகிற வேலையைக் கொடுத்தேன். ஊசிக்கு நடுவில் ஒரு நாக்கு இருக்கும், அடியில் ஒரு பள்ளம். நூலை நாக்கில் மாட்டி, பள்ளத்தில் இறக்கி, ஊசியைத் திருப்பிப் போட்டு, அந்தப் பக்கமிருந்து மறுபடி நாக்கில் மாட்ட வேண்டும். திருப்ப மறந்தால் நூல் ஒரே பக்கம் குவிந்து உருவிக்கொள்ளும். முதல் நாள் நாலு தடவை உருவிக்கொண்டது. நான் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லவில்லை. "உருவிருச்சு, மறுபடி ஏத்து" என்றேன். அழுதாள், ஏற்றினாள். மூன்றாம் நாள் நான் ஒரு ஊசி முடிப்பதற்குள் அடுத்த ஊசி தயாராக இருந்தது.

தங்கூசியில் (நரம்பு மாதிரி இருக்கிற ஒற்றை இழை நைலான்) பழக்காதீர்கள், விரலை அறுத்துவிடும். தடிமனான நைலான் நூலோ பருத்தி நூலோ போதும். முடிச்சு இந்த வயதில் வராது, நூல் ஏற்றுவது வரும்.

பழைய பால்வாடி டீச்சர்
தம்பி, ஊசியில் நூல் உருவினால் அது பிள்ளைக்கே தெரிகிறது, நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை. படத்தில் அப்படி இல்லை. நாம் சொன்னால்தான் தப்பு என்று அதற்குத் தெரிய வருகிறது. நான் சொன்னது அந்த மாதிரித் திருத்தலை. அப்புறம் அழ வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

வலையூசி
அழுதது நூலைப் பார்த்துத்தான் டீச்சர், என்னைப் பார்த்து இல்லை. ஆனால் நீங்கள் சொல்கிற வித்தியாசம் சரிதான். நான் யோசிக்கவில்லை.

சார்ட் அம்மா
இரண்டு பேரும் நன்றாகப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் ராத்திரி எட்டரை மணிக்குத்தான் தெரியும், நாளைக்கு "நீர் சுழற்சி" தெர்மாகோலில் கொண்டு போக வேண்டும் என்று. ஒன்றாம் வகுப்பு! கடைக்கு ஓடுவது அவன் அப்பா, வெட்டுவது நான், தூங்குவது அவன். மறுநாள் பார்த்தால் இருபது அம்மாக்களின் கைவேலை கண்காட்சியில் வரிசையாக நிற்கிறது. ஒரு தடவை அவனையே செய்ய விட்டு அனுப்பினேன். மேகம் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நாட்டுப்படகு
அந்தத் தெர்மாகோல் எல்லாம் கடைசியில் எங்கள் வலைக்குத்தான் வருகிறது.

சார்ட் அம்மா
உங்கள் மிதவையிலிருந்து உடைந்து வருகிறதும் எங்கள் கரையில்தான் ஒதுங்குகிறது அண்ணே.

நாட்டுப்படகு
அதுவும் சரிதான்.

வடகடல் சித்தி
வலைப் பேச்சு வந்ததால் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பழைய வலைத் துண்டு ஒன்றைக் காகிதத்தின் மேல் இழுத்துப் பிடித்து, துணியில் பஞ்சைச் சுற்றிச் சாயத்தில் தோய்த்து ஒத்தினால் மீன் செதில் அப்படியே விழும். முதலில் மீன் வடிவத்தில் வெட்டிய காகிதமாக இருந்தால் இன்னும் அழகு. இரண்டு வயதும் ஒத்தும், நாலு வயதும் ஒத்தும். கரையில் ஒதுங்குகிற வலைத் துண்டு போதும், நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள்.

அதைவிட வேடிக்கை, நிஜ மீனிலேயே அச்சு எடுப்பது. ஜப்பானில் மீனவர்கள் பிடித்த மீனின் அளவைப் பதிந்து வைக்க 19ஆம் நூற்றாண்டிலேயே இப்படிச் செய்திருக்கிறார்கள், கியோட்டாக்கு என்று பெயர். நாங்கள் மடவையில் செய்தோம், செதில் பெரியது. உப்புப் போட்டுத் தேய்த்து வழவழப்பைப் போக்கி, நன்றாகத் துடைத்து, செவுளுக்குள் கொஞ்சம் பஞ்சை அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் கசிந்து படத்தைக் கெடுத்துவிடும். துடுப்பை விரித்து, மேலே மெல்லிசாகச் சாயம். மெல்லிய தாளைப் போட்டு, தேய்க்காமல் விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு செதிலும் தெரியும். கண் மட்டும் விழாது, அதைப் பிள்ளை வரையலாம்.

எங்கள் அத்தை வந்து பார்த்துவிட்டு, "கிலோ என்ன விலை விக்குது, அதுக்குப் பவுடர் போட்டுக்கிட்டு இருக்கீக" என்று ஒரு பாட்டம் திட்டினார். அன்றைக்குப் பூசியது வெறும் மஞ்சள்தான். கழுவிக் குழம்பு வைத்துவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் அடங்கினார். போஸ்டர் கலர் பூசினால் குழம்புக்கு ஆகாது.

பேரன் வீட்டுப் பாட்டி
என் பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்லச் சொல்ல. பழைய பேப்பரைக் கிழிக்கச் சொல்லுங்கள். கிழிப்பது எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும், அந்த இரண்டு வயதும் கிழிக்கும், யாரும் "நீயே பண்ணு" என்று சொல்லாது. இரண்டு நாள் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து, ஊற வைத்த வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் ஆட்டி எடுங்கள், கிரைண்டரிலும் ஆட்டலாம். வெந்தயம்தான் பிடிப்பு, அதன் கசப்புக்குப் பூச்சியும் வராது. ஒரு சட்டியைக் கவிழ்த்து, மேலே துணி போட்டு, இந்தக் கூழை அப்பி அப்பித் தட்ட வேண்டும். முக்கால்வாசி காய்ந்ததும் சட்டியை உருவிவிட்டு, மறுபடி காய வைத்தால் கூடை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் செய்ததில் இன்றைக்கும் வெங்காயம் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அடைமழையில் காயாமல் நாறிவிடும்.

(பேத்தி: வெங்காயம் கிடக்கிறது உண்மைதான், ஓரம் கொஞ்சம் எலி கடித்திருக்கிறது.)

உப்புக்காற்று
மூன்று வாரம் கழித்து வருகிறேன். பக்கத்து வீட்டில் வலை கட்டுகிற மாமா ஒருவர் இருக்கிறார். வலையூசி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு, பையனுக்கு ஒரு ஊசி கொடுக்க முடியுமா என்று கேட்டேன். கொடுத்தார். முதல் நாள் உருவியது, இரண்டாம் நாள் உருவியது. என்னிடம் நீட்டிக்கொண்டு வந்தான். எனக்கே ஏற்றத் தெரியாது என்று சொன்னேன், அது உண்மையும்தான். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு எனக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டான். "திருப்பும்மா, திருப்பாம மாட்டுற பாரு." போன வாரம் அவன் ஏற்றிய இரண்டு ஊசி நூலும் மாமாவின் வலையில் ஏறிவிட்டது. கடலிலிருந்து வந்த மீனையெல்லாம் பார்த்து, இது என் நூலில் விழுந்ததா என்று கேட்கிறான். மாமாவும் ஆமாம் என்கிறார்.

பேப்பர் கூடை பாதியில் இருக்கிறது. யானை போய்ச் சேர்ந்துவிட்டது. சின்னவள் பீட்ரூட் சாயத்தைப் பாதி குடித்து, மீதியைக் கோரைப்பாயில் கொட்டிவிட்டாள். அந்தக் கறைதான் போக மாட்டேன் என்கிறது. யாருக்காவது வழி தெரியுமா?

கீழக்கரை உம்மா
எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்து, வெயிலில் போடுங்கள். வெயிலே வாங்கிவிடும். காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைக்க மறந்துவிடாதீர்கள்.